ரெண்டு தடவை எக்ஸாம்ல கோட்டை விட்டவர்... உங்க ஜெனிடிக்ஸ் பேப்பரோட முதல் யூனிட்டே அவர்தான்!

ராத்திரி பதினொன்றரை மணி. காலையில் ஜெனிடிக்ஸ் செமஸ்டர். மடியில் ஜெராக்ஸ் நோட்ஸ், பக்கத்தில் ஆறிப்போன டீ, கிளாஸ் குரூப்பில் யாரோ தட்டிவிட்ட இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ். முதல் யூனிட்டைத் திறந்தா, வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பாதிரியார் படம். கீழே 3:1, அதுக்குக் கீழே 9:3:3:1. இதை எத்தனாவது தடவையா மனப்பாடம் பண்றீங்க பாஸ்?

பிளஸ் டூவில் நானும் அப்படித்தான். மெண்டல்னு டீச்சர் பேரைச் சொன்னதுமே கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். அது அடங்குறதுக்குள்ள நெட்டை, குட்டை, கட்டம், விகிதம் எல்லாம் போர்டில் முடிஞ்சிருக்கும். அஞ்சு மார்க் கேள்விக்கு அப்படியே எழுதி வெச்சேன், மார்க்கும் வந்துச்சு. அந்த மனுஷன் யாருன்னு மட்டும் கடைசிவரைக்கும் தெரியாது. அவரே எக்ஸாம் ஹாலில் உடைஞ்சுபோன ஆள்னு அப்பவே யாராவது சொல்லியிருந்தா, அந்தப் பாடத்தைக் கொஞ்சம் வேற மாதிரி படிச்சிருப்பேன்.

அதனால, நோட்ஸை ஒரு பத்து நிமிஷம் மூடி வைங்க. திரும்ப அங்கேதான் வரப்போறோம்.

பாதிச் சாப்பாடு, பாதிப் படிப்பு

1822 ஜூலையில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் ஹெய்ன்செண்டார்ஃப் என்ற குட்டி கிராமத்தில் பிறந்தவர் யோஹான் மெண்டல். இன்றைக்கு அந்த ஊர் செக் நாட்டில் இருக்கு. அப்பா அன்டன், சின்ன விவசாயி. சொந்த நிலம் இருந்தாலும் வாரத்தில் மூணு நாள் நிலப்பிரபுவோட நிலத்தில் கூலியில்லாம உழைக்கணும் என்பது அந்த ஊர் வழக்கம். மீதி நாளில்தான் சொந்த வேலை. அப்பாவுக்குப் பழமரங்கள்னா உயிர். ஒட்டுப்போடுறது, நல்ல ரகத்தைப் பிரிச்சு வளர்க்கிறது எல்லாம் பையன் கூடவே நின்னு கத்துக்கிட்டான். ஜெனிடிக்ஸோட முதல் பிராக்டிகல் கிளாஸ் அங்கேதான் நடந்துச்சுன்னு வெச்சுக்கலாம்.

வீட்டில் அக்கா வெரோனிகா, தங்கை தெரேசியா. ஒரே பையன். நியாயமா நிலம் அவன் கைக்குத்தான் வந்திருக்கணும். ஆனா ஊர் வாத்தியார், பையனுக்குப் படிப்பு நல்லா வருது, வெளியூர் அனுப்புங்கன்னு சொல்லிட்டார். பதினோரு வயசில் வீட்டை விட்டுக் கிளம்பினான். அடுத்த வருஷம் ட்ரோப்பாவ் நகரத்தில் உயர்நிலைப் பள்ளி. விடுதிச் சாப்பாட்டுக்கு முழுப் பணம் கட்ட வீட்டில் வசதியில்லை. பாதிச் சாப்பாட்டுக்கு மட்டும் கட்டினாங்க. மீதியை ஊரிலிருந்து வண்டியில் வர்ற ரொட்டியும் வெண்ணெயும் பார்த்துக்கணும். ஹாஸ்டல் மெஸ்ஸை நொந்துக்கிற நமக்கெல்லாம் இந்த வரி கொஞ்சம் தொண்டையில் நிக்கும்.

1838-ல், நிலப்பிரபு வேலையில் இருந்தப்போ ஒரு மரத்தடி அப்பாவோட நெஞ்சில் விழுந்தது. அதுக்கப்புறம் அவரால் பழையபடி வேலை செய்ய முடியலை. பதினாறு வயசுப் பையன் டியூஷன் எடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்க வேண்டிய நிலைமை. படிப்பு, டியூஷன், பசி, வீட்டுக் கவலை... உடம்பு படுத்துடுச்சு. மாசக்கணக்கில் ஊரில் போய்க் கிடந்தார். அப்புறம் எழுந்து வந்து பள்ளியை முடிச்சு, ஒல்மூட்ஸில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். அங்கே டியூஷனும் கிடைக்கலை. திரும்ப உடம்புக்கு முடியாமப் போய், ஒரு வருஷம் வீட்டில் இருந்தார்.

அவர் வாழ்க்கை முழுக்க இது நடக்குது. நெருக்கடி முத்தினா உடம்பு கைவிட்டுடும். இன்றைக்கா இருந்தா ஒரு கவுன்சலர்கிட்ட போயிருப்பார். அன்றைக்கு அதுக்குப் பேரே கிடையாது, படுக்கை மட்டும்தான்.

இதுக்கிடையில அப்பா நிலத்தை அக்கா வீட்டுக்காரருக்குக் கொடுத்துட்டார். சின்னத் தங்கை தெரேசியா தன் கல்யாணத்துக்குன்னு ஒதுக்கியிருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தா. நம்ம வீடுகளில் அக்கா, தங்கச்சி நகை அடகுக்கடைக்குப் போய் ஃபீஸ் ஆன கதை இருக்கில்ல, அதேதான். பின்னாளில் அவளோட மூணு பையன்களையும் மெண்டல்தான் படிக்கவெச்சார். அதில் ரெண்டு பேர் டாக்டர் ஆனாங்க.

மடத்துக்குள்ளே ஒரு லைப்ரரி

படிப்பு முடிஞ்சப்போ கையில் காசும் இல்லை, வேலையும் இல்லை. இயற்பியல் பேராசிரியர் ஃபிரீட்ரிஷ் ஃபிரான்ஸ், புரூன் நகரத்து செயின்ட் தாமஸ் மடத்துக்குப் பரிந்துரை பண்ணினார். இப்போ ப்ர்னோன்னு சொல்ற ஊர். 1843-ல் உள்ளே போனவருக்கு கிரெகர் என்ற பேர் அங்கே கிடைச்சது. பக்தி மட்டும் காரணமில்லை, வயித்துப்பாட்டுக் கவலையும் ஒரு காரணம்னு பின்னாடி எழுதிக் கொடுத்த சுயவிவரத்தில் மறைக்காமச் சொல்லியிருக்கார்.

ஆனா அந்த மடம் நாம நினைக்கிற மாதிரி ஜெபம் மட்டும் நடக்கிற இடம் இல்லை. உள்ளே நல்ல லைப்ரரி, தோட்டம். துறவிகளில் பலர் ஊர்ப் பள்ளிகளில் பாடம் எடுத்தாங்க. தலைவர் சிரில் நாப், விவசாயம், ஆட்டு இனப்பெருக்கம் பத்தியெல்லாம் ஆர்வமாப் பேசக்கூடிய ஆள். அந்த வட்டாரத்துக் கம்பளித் தொழிலுக்கு நல்ல ஆடு வேணும். பெற்றோரோட எந்தக் குணம் குட்டிக்கு எப்படிப் போகுது என்ற கேள்வி அங்கே வியாபாரக் கேள்வியாவே இருந்துச்சு.

1847-ல் குருப்பட்டம். நோயாளிகளையும் சாகக்கிடக்கிறவங்களையும் போய்ப் பார்க்கிற வேலை கொடுத்தாங்க. ஒவ்வொரு படுக்கையா பார்த்துட்டு வந்து இவரே படுத்துட்டார். இந்த வேலை இவருக்கு ஆகாதுன்னு நாப் புரிஞ்சுக்கிட்டு, 1849-ல் ஸ்னைம் என்ற ஊர்ப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியரா அனுப்பினார். அங்கே பிள்ளைகளுக்கும் பிடிச்சது, சக ஆசிரியர்களுக்கும் பிடிச்சது. நிரந்தர வேலை வேணும்னா மட்டும் ஒரு தகுதித் தேர்வு எழுதணும்.

நம்ம ஊர் டெட் எக்ஸாம் மாதிரி. கதை சூடு பிடிக்கிறது இங்கேதான்.

முதல் ஃபெயில்

1850. இயற்பியல் விடைத்தாளைத் திருத்தினவர் நல்லபடியாத்தான் சொன்னார். புவியியல் பாறைகள் பகுதியில் சறுக்கல். விலங்கியலில் பாலூட்டிகளை வகைப்படுத்தி எழுதச் சொல்லியிருந்தாங்க. மெண்டல் அறிவியல் பெயர்களை விட்டுட்டு, ஊரில் புழங்குற பேர்களை வெச்சே எழுதினார். வகைப்பாடும் ஒழுங்கா வரலை. வியன்னாவில் வாய்மொழித் தேர்வும் காலைவாரிடுச்சு. ரிசல்ட், ஃபெயில்.

ஏன்?  கிடைச்ச புத்தகத்தைத் தனியா உட்கார்ந்து படிச்சார். எது முக்கியம், எதை எப்படி எழுதணும்னு சொல்ல ஆள் இல்லை. நைட்டோடு நைட்டா பிடிஎஃப்பை மட்டும் நம்புறவங்களுக்கு நடக்கிறது அவருக்கும் நடந்துச்சு. ஒரு வித்தியாசம், அவர் சோம்பேறி இல்லை.

நல்ல வேளை, அடுத்து என்ன செய்யணும்னு யோசிச்ச ஆள்கள் பக்கத்தில் இருந்தாங்க. 1851-ல் நாப் அவரை மடத்துச் செலவில் வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வயசு 29. கூட உட்கார்ந்தவங்க எல்லாம் சின்னப் பசங்களா இருந்திருப்பாங்க.

அங்கே யார் யார் பாடம் எடுத்தாங்கன்னு பாருங்க. இயற்பியல், கிறிஸ்டியன் டாப்ளர். ஆமா, ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சைரன் சத்தம் மாறுதே, அந்த டாப்ளர்தான். அவருக்குப் பிறகு எட்டிங்ஸ்ஹவுசன், சேர்க்கைக் கணிதத்தில் புத்தகமே போட்டவர். தாவரவியலுக்கு ஃபிரான்ஸ் உங்கர், செடியை செல் செல்லா பார்க்கக் கத்துக்கொடுத்தவர். ஒரு சோதனையை எப்படித் திட்டமிடணும், கிடைச்சதை எப்படி எண்ணணும், எண்ணினதுக்குப் பின்னால என்ன ஒழுங்கு இருக்கும்னு யோசிக்கிறது எப்படி... இதெல்லாம் அந்த ரெண்டு வருஷத்தில் வந்ததுதான். செடியை ஆராய்ச்சி பண்ணின பலர் அப்போ இருந்தாங்க. இயற்பியல்காரர் மாதிரி செடியை எண்ணினவங்க அபூர்வம்.

ரெண்டாவது ஃபெயில்... அதே வருஷம் பட்டாணி

1854-ல் புரூன் ரியால் பள்ளியில் பாடம் எடுக்க ஆரம்பிச்சார். அதே சமயம் மடத்துத் தோட்டத்தில் 34 ரகப் பட்டாணி. எடுத்ததும் கலப்புக்குப் போகலை. ரெண்டு வருஷம் சும்மா வளர்த்துப் பார்த்தார். தலைமுறைக்குத் தலைமுறை மாறாம ஒரே மாதிரி வருதா என்று. அப்படித் தேறின 22 ரகத்தை மட்டும் வெச்சுக்கிட்டார். உங்க நோட்ஸில் தூய கால்வழின்னு ஒரே வார்த்தையில் தாண்டிப் போற விஷயத்துக்கு அவர் ரெண்டு வருஷம் செலவு பண்ணியிருக்கார்.

1856 மே. திரும்ப வியன்னா, திரும்ப அதே தேர்வு. இந்தத் தடவை ஃபெயில்னு கூடச் சொல்ல முடியாது. எழுத்துத் தேர்வின் ஆரம்பத்திலேயே முடியாமப் போய், பாதியில் விலகிட்டார். ஊர் திரும்பி உடம்பு மோசமாகி, கிராமத்திலிருந்து அப்பாவும் மாமாவும் பார்க்க வர்ற அளவுக்கு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அந்தத் தேர்வுப் பக்கமே அவர் போகலை. 1868 வரைக்கும், மொத்தம் பதினாலு வருஷம், தற்காலிக ஆசிரியராவே பாடம் எடுத்தார்.

அதே 1856-ல்தான் பட்டாணிக் கலப்பும் ஆரம்பம்.

வேலை எப்படின்னா, பட்டாணிப் பூ தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை பண்ணிக்கும். அதுக்கு முன்னாடி மொட்டைப் பிரிச்சு, இடுக்கியால் மகரந்தப்பைகளை ஒண்ணொண்ணா எடுக்கணும். வேற செடியோட மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவணும். பூச்சி வராம ஒரு பையைப் போட்டுக் கட்டணும். தோட்டம் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நம்ம அப்பார்ட்மென்ட் பார்க்கிங் அவ்வளவு இருக்கும். அதில் எட்டு வருஷம், சுமார் 28,000 செடிகள்.

இப்போ நோட்ஸைத் திறங்க.

3:1-ன்னு போட்டிருக்கில்ல, அதைக் கையால மறைச்சுக்கோங்க. அவர் கையில் வந்தது விகிதம் இல்லை, குவியல் குவியலா விதைகள். உருண்டை 5,474, சுருங்கினது 1,850. மஞ்சள் 6,022, பச்சை 2,001. ஒவ்வொண்ணா எண்ணின கணக்கு. இதில் பெரியதைச் சின்னதால் வகுத்துப் பாருங்க. 2.96 வரும், 3.01 வரும். இப்படி ஏழு பண்புகளுக்கும் வந்தப்போதான் மூணு என்ற எண் அவர் கண்ணில் பட்டிருக்கு. நீங்களும் இந்த வரிசையிலேயே படிச்சுப் பாருங்க, முதல்ல எண்ணிக்கை, அப்புறம் வகுத்தல், கடைசியில் விகிதம். ஒருதடவை கையால போட்டா எக்ஸாமில் கைநடுக்கம் வராது.

அவர் அதோடு விட்டிருந்தா இன்றைக்கு அவர் பேர் நமக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த மூணு பங்கு உருண்டையும் உண்மையிலேயே ஒரே மாதிரிதானா என்று சந்தேகப்பட்டார். உருண்டை விதைகளை எடுத்து நட்டு 565 செடி வளர்த்தார். 193 செடி உருண்டை மட்டுமே கொடுத்தது. 372 செடியில் உருண்டையும் சுருங்கினதும் கலந்து வந்தது. அதாவது ஒண்ணுக்கு ரெண்டு. வெளியே 3:1-ஆ தெரியறது உள்ளே 1:2:1. முக்கால்வாசிப் பேர் மார்க்கைக் கோட்டை விடுறது இங்கேதான். புறத்தோற்ற விகிதம், மரபணு வகை விகிதம்னு ரெண்டு வரியா மனப்பாடம் பண்ணிட்டு, எது எதுன்னு ஹாலில் குழம்புவோம். 565 செடியை ஞாபகம் வெச்சா குழப்பம் வராது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிஞ்சுக்க ஒரே வழி, அடுத்த தலைமுறையை வளர்த்துப் பார்க்கிறது.

ஒரு தடவை காய் நிறத்தில் இதே சோதனையைப் பண்ணப்போ 100 செடியில் 40-க்கு 60-ன்னு வந்துச்சு. அவருக்கே ஒப்பலை. திரும்பப் பண்ணினார், 35-க்கு 65 வந்தது. ரெண்டையுமே கட்டுரையில் எழுதிவெச்சார்.

நாற்பது பிரதி

1865 பிப்ரவரி 8, மார்ச் 8. புரூன் இயற்கை அறிவியல் சங்கத்தில் ரெண்டு கூட்டமா தன் வேலையை வாசிச்சார். அடுத்த வருஷம் கட்டுரையா அச்சானது. தனியா 40 பிரதி வாங்கி அங்கங்கே அனுப்பினார். பெரிசா யாரும் கண்டுக்கலை. செடிக் கட்டுரையில் அல்ஜீப்ரா என்ன பண்ணுதுன்னு பலருக்குத் தோணியிருக்கும்.

பதில் போட்டவர் மியூனிக்கில் இருந்த பெரிய தாவரவியலாளர் நேகெலி. ஆனா அவருக்குப் பட்டாணியில் நம்பிக்கை வரலை. அவரோட செல்லச் செடி ஹாக்வீட். மெண்டலும் அதில் இறங்கினார். அந்தப் பூ ரொம்பப் பொடிசு. லென்ஸ் வெச்சுப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டதுதான் மிச்சம். விகிதம் எதுவும் வரலை. ஹாக்வீட் பெரும்பாலும் கருவுறாமலே விதை வைக்கிற செடி என்ற விஷயம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தப்பு அவர்மேல இல்லை, செடிமேல. அவருக்கு அது தெரியாமலே போச்சு என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம்.

1868-ல் நாப் இடத்துக்கு மடத்தின் தலைவரா தேர்ந்தெடுக்கப்பட்டார். ஃபைல், கையெழுத்து, மீட்டிங்னு நேரம் போச்சு. தேனீ வளர்த்தார், தினமும் வானிலைக் குறிப்பு எடுத்தார். 1870-ல் ஊரையே புரட்டிப்போட்ட ஒரு சுழற்காற்றைப் பத்திக் கட்டுரை கூட எழுதினார். 1874-ல் மடங்களுக்கு அரசு புது வரி போட்டப்போ கட்டமாட்டேன்னு நின்னார். சாகிறவரை அந்தச் சண்டை ஓயலை.

1884 ஜனவரி 6-ல் சிறுநீரக நோயில் இறந்தார். வயசு 61. இறுதித் திருப்பலியில் இசையை நடத்தினவர் லியோஷ் யானாச்செக், பின்னாளில் உலகம் கொண்டாடின இசையமைப்பாளர். கூட்டம் வந்துச்சு, ஆனா அது மடத்தலைவருக்காக வந்த கூட்டம். அவரோட குறிப்பு நோட்டுகள், தாள்கள் பலதும் மடத்திலேயே எரிக்கப்பட்டுச்சு.

பதினாறு வருஷம் கழிச்சு, 1900-ல் ஹியூகோ டி வ்ரீஸ், கார்ல் கோரன்ஸ், எரிக் வான் செர்மாக் என்ற மூணு பேர் அடுத்தடுத்து அவர் கட்டுரையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாங்க. இதில் கோரன்ஸ், நேகெலியோட மாணவர்! ஜீன் என்ற வார்த்தை வந்தது 1909-ல். உங்க நோட்ஸில் இருக்கிற புன்னட் கட்டத்தையும் மெண்டல் பார்த்ததே இல்லை, அது புன்னட்டோட கைவேலை. ஏழு பண்பும் ஏழு குரோமோசோமில் தனித்தனியா இருந்துச்சுன்னு சில கைடுகளில் போட்டிருப்பாங்க, அதையும் அடிச்சுடுங்க. சிலது ஒரே குரோமோசோமில்தான் இருக்கு. சுருங்கின பட்டாணி ஏன் சுருங்குதுன்னு 1990-ல்தான் மரபணு அளவில் பிடிச்சாங்க. ஸ்டார்ச்சைக் கிளைவிட வைக்கிற ஒரு என்சைம் வேலை செய்யலை. அதனால சர்க்கரையும் தண்ணியும் கூடுது, காயும்போது தோல் சுருங்கிடுது.

இன்னொரு விஷயம். அவரோட 200-வது பிறந்தநாளை ஒட்டி, ப்ர்னோ விஞ்ஞானிகள் கல்லறையைத் திறந்து, எலும்பிலிருந்து அவர் டிஎன்ஏவையே படிச்சாங்க. சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோயோடு தொடர்புள்ள மாற்றங்கள் இருந்துச்சாம். நரம்பு மண்டலப் பிரச்னையோடு தொடர்புள்ள ஒண்ணும் அதில் உண்டு. ஹாலில் அவர் உடைஞ்சதுக்கு அதுதான் காரணம்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது.

1936-ல் புள்ளியியல் மேதை ஃபிஷர், மெண்டலோட எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை இவ்வளவு கச்சிதமா வர்றதே சந்தேகமா இருக்குன்னு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ரெண்டு தடவை தேர்வில் தோத்தவர்மேல, மார்க் ரொம்ப அதிகமா இருக்குன்னு ஒரு புகார்! அந்த வாதம் பல வருஷம் ஓடுச்சு. கண்டுபிடிப்பு தப்புன்னு மட்டும் ஃபிஷர் உட்பட யாரும் சொல்லலை.

நீங்களே பாருங்களேன். இருபண்புக் கலப்பில் அவருக்குக் கிடைச்சது 315 உருண்டை மஞ்சள், 101 சுருங்கின மஞ்சள், 108 உருண்டை பச்சை, 32 சுருங்கின பச்சை. மொத்தம் 556. பதினாறால் வகுத்தா 34.75. அதை 9, 3, 3, 1 ஆல் பெருக்கினா எதிர்பார்ப்பு எண்கள் வந்துடும். ஒவ்வொண்ணுக்கும் வித்தியாசத்தை வர்க்கம் பண்ணி, எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்துக் கூட்டுங்க. கைஸ்கொயர் 0.47 வரணும். டேபிளில் மூணு டிகிரிக்கு எல்லை 7.815. ரெண்டாவது யூனிட்டில் இந்தக் கணக்கு வரும், பத்து மார்க். டீயைச் சூடு பண்ணிட்டு வந்து, நோட்ஸைப் பார்க்காம ஒரு தடவை போட்டுப் பாருங்க.